முதல் பக்கத்தில் ஒரு பூசணிக்காய்

“என்னங்க இது?”

மனைவி நோட்டை விரித்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். லிஃப்ட் மெக்கானிக்கின் வாய் நிறையப் பற்பசை நுரை. ஒரு கையில் பிரஷ், மறு கையில் தண்ணீர்க் குவளை. பதில் சொல்லாமல் இருக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் நுரைக்கும் ஒரு முடிவு உண்டு. அதுவரைக்கும் அவள் குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். நான்கைந்து நாளைக்கு முன்னால் அவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக டாக்டரம்மா கண்டுபிடித்தார்.

“கோபம், கவலை எல்லாத்தையும் எங்க இறக்கி வைப்பீங்க?” என்று கேட்டார்.

“எந்த மாடியில டாக்டர்?”

“மாடி இல்ல சார். மனசுல இருக்கறதைக் கேக்கறேன்.”

மனசில் இருப்பதை இறக்க அவரிடம் வசதி எதுவும் இல்லை என்று தெரிந்ததும், டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு டைரியும் எழுதிக் கொடுத்தார். படம் போடுகிற டைரி. தினம் காலையில் ஒரு பக்கம். வரையலாம், வண்ணம் பூசலாம், எதையாவது கிழித்து ஒட்டலாம், கீழே ஒரு வரி எழுதலாம்.

“நல்லா வரணும்னு அவசியமே இல்ல. யாரும் மார்க் போடப் போறதில்ல.”

“எங்க வீட்ல போடுவாங்க டாக்டர். கணக்கு டீச்சர்.”

இருந்தாலும் வாங்கிவிட்டார். தடித்த தாள் வைத்த நோட்டு, பன்னிரண்டு வண்ணம் அடங்கிய பெட்டி, ஒரு தூரிகை. முதல் மூன்று நாள் காலையில் பால்கனியில் உட்கார்ந்து முதல் பக்கத்து மூலையில் தேதியை மட்டும் மாற்றி மாற்றி எழுதினார். நான்கு அடுக்கு உயரத்தில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் கலங்காத மனிதர், வெள்ளைத் தாளைப் பார்த்து வியர்த்தார். பெட்டிக்குள் இருந்த குறிப்புச் சீட்டு தைரியம் சொன்னது: ‘வெறும் தாளைக் கண்டு பயமா? பிடித்த நிறத்தை முதலில் பக்கம் முழுக்கப் பூசிவிடுங்கள்.’ பூசினார். ஆரஞ்சு.

அப்புறம் ஜன்னல் வழியாகத் தூங்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். முகத்தில் இளவெயில் விழுந்திருந்தது. அவருக்கே காரணம் புரியாமல் கை ஓடியது. ஸ்கேல் இல்லாமல் அவர் போட்ட முதல் கோடு அதுதான். கீழே எழுதினார்: ‘இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்தில்.’

ஈரமாக இருந்தவரை அது மனைவியாகத்தான் இருந்தது. காய்வதற்குள் கன்னங்கள் இரண்டு பக்கமும் ஊறிப் பரவிவிட்டன.

அந்தப் பக்கம்தான் இப்போது மூக்குக்கு நேராக நின்றது. அவர் கொப்பளித்தார். முகம் துடைத்தார். துண்டை மடித்தார். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். ‘நீதான்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த உருண்டையை நேருக்கு நேர் பார்த்ததும் நாக்கு தானாகத் தடம் மாறிவிட்டது.

“பூசணிக்காய்” என்றார்.

மனைவி படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“இருபத்திரண்டு வருஷமா உங்க பக்கத்துல?”

“அது… தட்டுல சொல்றேன். சாப்பாட்டுக்குப் பக்கத்துல.”

“அவ்வளவு உசிரா? ஒரு நாளும் சொன்னதே இல்லையே.”

“எனக்கு எதையும் மனசுக்குள்ளேயே வெச்சுக்கிட்டுதான் பழக்கம்.”

“சரி” என்று நோட்டை மூடினாள்.

மத்தியானம் பூசணி சூப். சாயங்காலம் பூசணி வறுவல். மறுநாள் காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பூசணியை அரைத்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே ஒரு முழுக் காயைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“உங்க முகத்துல சிரிப்பைப் பார்க்கணும்னுதான்” என்று இரண்டு கரண்டி கூடவே போட்டாள்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டுகளைச் சோற்றுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

“அப்பா, சோத்துக்குள்ள என்ன மறைக்கறீங்க?” என்றாள் கல்லூரிக்குப் போகிற மகள்.

“மறைக்கல. கடைசியில ருசிச்சுச் சாப்பிடலாம்னு பத்திரப்படுத்தறேன்.”

“பாவம், போதல போல” என்று மனைவி இன்னொரு கரண்டி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. படத்தை நிஜமாகவே பூசணிக்காயாக்கிவிட்டால் பொய் என்று ஒன்று இல்லாமலே போய்விடும். பொய் இல்லையென்றால் நெஞ்சில் இந்தப் படபடப்பும் இராது. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினார்.

உச்சியில் ஒரு காம்பு வைத்தார். அது மனைவி வீட்டில் அள்ளி முடிகிற கொண்டையாக உட்கார்ந்தது. கொண்டையிலிருந்து கவனத்தைத் திருப்பப் பக்கவாட்டில் ஒரு சின்ன இலை போட்டார். அது அவளுடைய தோடாகத் தொங்கியது. காய்க்கு வரி இருக்குமே என்று நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுத்தார். விடைத்தாள் திருத்தும்போது அவள் புருவத்துக்கு நடுவே விழுகிற அதே இரண்டு கோடு. முதல் நாள் ஆசை ஆசையாக வரைந்தபோது வராத மனைவி, காயாக்கப் பாடுபட்டபோது வந்து நின்றுவிட்டாள்.

“ஐயோ அப்பா! அம்மா அச்சு அசல் அப்படியே இருக்காங்க!” பின்னால் மகள்.

“கத்தாதே. அது பூசணிக்காய்.”

“அம்மாவைப் பூசணிக்காய்னா சொல்றீங்க?”

“நான் பூசணிக்காயைத்தான் பூசணிக்காய்னு சொல்றேன்.”

“அப்போ அம்மா எங்க?”

“சமையலறையில.”

“என்ன பண்றாங்க?”

“பூசணிக்காய் வெட்டிட்டிருக்கா.”

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “பேசாம உண்மையைச் சொல்லிடுங்கப்பா. ரெண்டு நிமிஷம் திட்டுவாங்க. முடிஞ்சு போயிடும்.”

“முதல் நாளே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷம். இப்போ அவளைப் பூசணிக்காய்னு சொல்லி, அதை ஆறு நாளா வகை வகையா சாப்பிட்டும் ஆச்சு. எந்த வாயால சொல்றது?”

அடுத்த வாரம் டாக்டரம்மா கருவியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கொதிப்பு இறங்கவில்லை. ஒரு மாடி ஏறியிருந்தது.

“படம் போடறீங்களா?”

அவர் நோட்டை நீட்டினார். டாக்டரம்மா முகம் மலர்ந்தது.

“அட, நல்லா வந்திருக்கே! வீட்டுக்காரம்மாதானே? கொஞ்சம் கோபக்காரங்க போலிருக்கு.”

அவர் நாற்காலியில் இன்னும் கீழே இறங்கினார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க டாக்டரம்மா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்க்க வேண்டியிருந்தது.

“ஒரு பக்கம் பிடிக்கலைன்னா அது மேல வேற எதையாவது ஒட்டிடுங்க. இந்த மாதிரி டைரி போடறவங்க எல்லாரும் செய்யறதுதான்.”

ஒட்டினார். விதைப் பாக்கெட் ஒன்றிலிருந்து அசல் பூசணிக்காய்ப் படத்தை வெட்டி எடுத்து, மனைவியின் முகத்தின்மேல் கச்சிதமாக வைத்து அழுத்தினார். பசை மட்டும் வீட்டில் இல்லை. லிஃப்ட் கதவின் ரப்பரை ஒட்டுகிற பேஸ்ட்தான் வேலைப் பையில் இருந்தது. இரும்போடு ரப்பரைச் சேர்க்கிற பேஸ்ட், காகிதத்தோடு காகிதத்தைச் சேர்க்காதா? சேர்த்தது. ஒரு மணி நேரத்தில் மேல் தாள் எண்ணெயில் நனைந்த மாதிரி ஊறிக் கண்ணாடியாகிவிட்டது. வழவழப்பான, வண்ணமயமான, அசல் பூசணிக்காய். அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன.

மனைவியும் அதைப் பார்த்தாள்.

“கண்ணு கூட வெச்சிருக்கீங்களே!” என்றாள். குரல் ஒரு மாதிரி கம்மியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், அந்தப் பக்கம் பிளேடால் நறுக்கப்பட்டு, சட்டம் போடப்பட்டு, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது. கீழே அவர் எழுதிய வரியும் அப்படியே.

“நீங்க ஆசையாப் போட்ட முதல் படம். பார்த்துக்கிட்டே சாப்பிடுங்க” என்று மனைவி பூசணி கேக்கை வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கண்களும் சாப்பிடுவதைப் பார்த்தன. இடப் பக்கம் நகர்ந்தால் இடப் பக்கம் வந்தன. வலப் பக்கம் நகர்ந்தால் வலப் பக்கம்.

வேடிக்கை என்னவென்றால், காலைநேரத்து அரை மணி அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில் லிஃப்ட் கதவு வரைந்தார். மூன்றில் பழைய பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்து ஒட்டிக் குருவி செய்தார். அது குருவி என்று மகள் கேட்காமலே சொன்னாள். முதல் பக்கம் ஒன்றுதான் முள்ளாக இருந்தது. ‘இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்தில்.’ வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி ஒரு வரி மனைவிக்காக எழுதினார். அது ஒரு காய்கறிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நினைத்தபோதெல்லாம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதி அந்த நினைப்பால், பாதி பூசணியால்.

பதினான்காம் நாள் பொறுக்க முடியவில்லை. வேலைக்குப் போகிற வழியில் தெருமுனைக் காய்கறிக்கடையில் வண்டியை நிறுத்தினார். வாசலில் ஒரு பெரிய பூசணிக்காய், மேலே சாக்குக் கட்டியால் அவர் வீட்டுக் கதவு எண்.

“அம்மா, ஒரு உதவி பண்ணணும்” என்றார் கடைக்காரம்மாவிடம், குரலைத் தாழ்த்தி. “எங்க வீட்டு டீச்சர் வந்து கேட்டா, பூசணிக்காய் தீர்ந்துபோச்சு, இனிமே வராதுன்னு சொல்லிடுங்க.”

கடைக்காரம்மா தக்காளியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அடடே, அந்தப் படம் போட்டவரு நீங்கதானா?”

“எந்தப் படம்?” என்றார் மெக்கானிக்.

“முதல் நாளே டீச்சரம்மா நோட்டோட ஓடி வந்து, ‘என்னை எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காரு பாருங்க, அது நான்தான்னு அவரே வாயைத் திறந்து சொல்றவரைக்கும் தினம் ஒரு காய் எடுத்து வைங்க’ன்னு சொல்லிட்டுப் போனாங்களே சார்!”