எதிர்மனுதாரரின் அக்காள் எழுதுவது

திருக்காட்டுப்பள்ளி,
ஆனி 6

அன்புள்ள தம்பி செந்தில்குமாருக்கு,

அக்காள் பிரகதீஸ்வரி எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மஸ்கட்டில் நீயும் குழந்தைகளும் வெயிலுக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம்.

வாய்க்காலோர நிலத்தை விற்கப்போவதாகவும், குத்தகைக்கு உழும் வீரையன் பெண்சாதி அம்சத்தைக் குறுவைக்கு முன் நயமாகப் பேசி வெளியேற்றும்படியும் சொன்னாய். பேசத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "டீச்சரம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. நாளைக்கு கோர்ட்டுல இலவச வக்கீலப் பாக்கப் போறேன், துணைக்கு வாங்க" என்றாள். எதற்கு என்றேன். "உங்க தம்பி என்னைய வெளிய போகச் சொல்றாராம்ல, அதுக்குத்தான்." அவள் புருஷன் வீரையன் இருந்த காலத்திலிருந்தே ரேஷன் கார்டு, கரண்டு என்று அவர்கள் வீட்டு மனுவெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். இதற்கு மட்டும் வேறு ஆளைத் தேடுவது மரியாதையில்லை என்று நினைத்திருக்கிறாள்.

எனக்கும், ஒளிப்பானேன், இலவசமாகக் கிடைக்கும் வக்கீல் எப்படியிருப்பார் என்று பார்க்க ஆசை. காசில்லாதவர்களுக்கென்று கொடுப்பதில் நல்லதாக எதையும் நான் பார்த்ததில்லை. கோட்டு நைந்த ஒரு கிழவரை எதிர்பார்த்துச் சட்ட உதவி மையத்துக்குப் போனால், ஃபஹ்மிதா என்று ஒரு பெண், பதினைந்து வருஷமாகக் குத்தகை வழக்கு மட்டுமே பார்க்கிறவராம். மடையை யார் திறப்பது, நாற்றங்கால் எந்த மூலையில், வரப்புக்கு அந்தப் பக்கம் யார் வயல் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பாதி எனக்கே தெரியாது. உனக்கு நிலம் எந்தத் திசையில் இருக்கிறதென்றாவது நினைவிருக்கிறதா?

பிறகுதான் சிக்கல். குத்தகைக்கு எழுத்து ஏதும் உண்டா என்றார். இல்லை, அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷம் உழுததைச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்றார். அம்சம் என்னைக் காட்டி, "இந்தா, இவங்களே இருக்காங்களே" என்றாள்.

"இவங்க யாரு?"

"நெலத்துக்காரங்க."

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு, மிகப் பணிவாக என்னை வெளியே இருக்கச் சொன்னார். அம்சம் விடவில்லை. "அவங்க போயிட்டா, நீங்க எழுதுனத எனக்கு யாருங்க படிச்சுக் காட்டுவா?"

ஆனாலும் வக்கீல் சொன்னபடி ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அம்சம் மனுவை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். படித்துக் காட்டினேன். நம் சர்வே எண் தப்பாக இருந்தது, திருத்திக் கொடுத்தேன். பிழையான மனுவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது, நீ கோபிக்காதே. நான் யார் பக்கமும் இல்லை. சாட்சி சொல்ல வருவீர்களா என்று வக்கீல் கேட்டதற்கும் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உனக்கு நோட்டீஸ் வரும். அம்சம் அதற்குள் நாற்று விட்டுவிட்டாள்.

குழந்தைகளுக்கு என் ஆசி. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்காள்,
பிரகதீஸ்வரி

பி.கு.: வராந்தாவில் அந்த ஒரு மணி நேரமும் நான் சும்மா இருக்கவில்லை. இலவச வக்கீல் கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாதாம், என்னைப்போல் கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கினாலும். அப்பா போனபின் பட்டா முழுதும் உன் பேருக்கு எப்படி மாறியது, என் பாதி எங்கே என்று பன்னிரண்டு வருஷமாக உன்னிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வேறு வக்கீல் போடுவார்களாம். என் மனுவைக் கொடுக்கும்போது துணைக்கு அம்சம் வந்தாள்.