மூணு நாள் பென்சில்

ரம்யா, கதிர், இரண்டு பேரும் கேளுங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் நீங்கள் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கதையை இன்றைக்கு நானே எழுதிவிடுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் போட்ட எண் தப்பு. நான் நினைத்தது தப்பில்லை. இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

வெள்ளகோவில் மண்டபத்தில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்து மேனேஜரானவன் நான். பத்தாவது வரைதான் படிப்பு. (அதிலும் கணக்கில் மட்டும் நல்ல மார்க். அதுதான் பின்னால் வினையாயிற்று.) வெப்சைட் வருவதற்கு முன்பு, கல்யாணத் தேதி கேட்டு வருகிறவர்களின் பெயரை டைரியில் பென்சிலில் எழுதி வைப்பேன். அவர்கள் ஜோசியரைப் பார்க்க வேண்டும், பங்காளிகளிடம் சொல்ல வேண்டும், தாய்மாமன் தலையாட்ட வேண்டும். அதற்கு மூன்று நாள் தவணை. உறுதியானால் பேனா, இல்லாவிட்டால் ரப்பர். ஒரு சண்டை வந்ததில்லை.

பிறகு முதலாளி வெப்சைட் போட்டார். செய்து கொடுத்தது பீளமேட்டில் வேலை செய்யும் கீர்த்தனா என்ற பெண். யார் முதலில் தேதியைத் தொடுகிறார்களோ அது அவர்கள் பெயரில் நிற்கும், பதினைந்து நிமிடத்தில் உறுதி செய்யாவிட்டால் தானாக விடுபடும். நிற்கிற தேதியை மேனேஜரே நினைத்தாலும் பிடுங்க முடியாது. சிபாரிசுத் தொல்லை தாங்காமல் அப்படி வைக்கச் சொன்னதே நான்தான். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒரு திங்கட்கிழமை மண்டபத்து போன் நம்பரை மாற்ற வேண்டியிருந்தது. கீர்த்தனா போனிலேயே சொல்லிக் கொடுத்தாள்.

"அண்ணா, இதுக்குப் பேரு கான்ஃபிக் ஃபைலுங்க. நம்பர் இருக்கற வரிய மட்டும் மாத்துங்க. வரிக்கு முன்னால # போட்டிருந்தா அது நாம படிக்கறதுக்கு, மெஷின் அதைக் கண்டுக்காது. மத்ததைத் தொட்றாதீங்க."

"நான் எதுக்கு அம்மணி தொடறேன்?" என்றேன். அந்த நிமிடம் மனசார அப்படித்தான் நினைத்தேன்.

திறந்து பார்த்தால் நம் மண்டபத்து மெயின் போர்டு மாதிரியே இருந்தது. ஒரு வரி, தகவலெல்லாம் எந்த டேட்டாபேஸில் கிடக்கிறது என்பதற்கு. ஒரு வரி அதன் பாஸ்வேர்டுக்கு. ஒரு வரி, எவ்வளவு பெரிய போட்டோ ஏற்றலாம் என்பதற்கு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் ஒட்டியிருந்தால் எலக்ட்ரீசியன் கை சும்மா இருக்குமா? தேதி நிற்கிற நேரம் 900 என்று ஒரு வரி கண்ணில் பட்டது. 900 விநாடி என்றால் பதினைந்து நிமிடம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தவரை வாசலில் நிற்கவைத்து, "காப்பி குடிக்கிறீங்களா, இல்ல கிளம்பறீங்களா, சட்டுனு சொல்லுங்க" என்று கேட்கிற மாதிரியல்லவா இது? ஒரு பெண்ணின் கல்யாணத் தேதியைப் பதினைந்து நிமிடத்தில் எந்த வீட்டில் முடிவு செய்கிறார்கள்? காலண்டர் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். மூன்று நாளுக்கு 259200 விநாடி. போட்டேன். சேவ் செய்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்க என் போனில் ஒரு முகூர்த்தத் தேதியைத் தொட்டேன். சிவப்பாகி நின்றது. திருப்தியாகப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் தாராபுரத்தில் உங்கள் அத்தை வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மகள் நந்தினி கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிற பேச்சு. "மண்டபம் என் பொறுப்பு" என்று தாய்மாமனாக ஏற்கெனவே மார்தட்டியிருந்தேன். அவர்கள் சொன்ன ஆவணித் தேதியைப் பெரிய திரையில் காட்டினால்தான் கெத்து என்று, அத்தை வீட்டு லேப்டாப்பில் வெப்சைட்டைத் திறந்தேன்.

அந்தத் தேதி சிவப்பு. அது மட்டுமா, ஆவணியில் இருக்கிற எல்லா முகூர்த்தமும் சிவப்பு. மேனேஜர் என்றாலும் பிடுங்க முடியாது, நானே வைக்கச் சொன்ன விதி.

மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏனுங், எங்களுக்கு அந்த ஒரு தேதிதானுங்க தோது. இங்க இல்லீன்னா சொல்லிப்போடுங்க, கரூர்ல எங்க மண்டபத்துலயே வெச்சுக்கறோம்."

உங்கள் அத்தை முகம் சுண்டிவிட்டது. நம் ஊரில் நம் சனத்துக்கு நடுவில் மகள் கல்யாணம் நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "அண்ணா, நீங்க இருக்கறப்ப எனக்கென்னன்னு இருந்தேனே" என்றாள். அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

"எவனோ வேணும்னே பண்ணியிருக்கறான். இரு, புடிக்கறேன் அவனை" என்று கீர்த்தனாவைக் கூப்பிட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். (விதி.)

கீர்த்தனா பார்த்துவிட்டுச் சொன்னாள். "அண்ணா, ஒரு அம்மா சும்மா பாக்கறதுக்குன்னு பதினோரு தேதியத் தொட்டிருக்காங்க. எதுவும் விடுபடவே இல்லீங்க. யாரோ நேரத்தை மூணு நாளாக்கிப் போட்டிருக்காங்க."

"அதை விடு அம்மணி. எங்க தேதிய எவன் புடிச்சு வெச்சிருக்கறான்? அவன் பேரைச் சொல்லு."

கீர்த்தனா குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கதானுங்ண்ணா. நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு, உங்க போன்ல."

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். "நல்ல தாய்மாமனுங்க! பொண்ணு ஊட்டுத் தேதிய அவரே அமுக்கி வெச்சுட்டு, திருடனைத் தேடறாரு!" உங்கள் அத்தை வீட்டுக்காரர் சிரிப்பில் சோபாவிலிருந்து சரிந்தே விட்டார். அத்தை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மொதல்ல போனை எடுங்கண்ணா" என்றாள். சட்டைப்பையிலிருந்து எடுத்து, அத்தனை பேருக்கும் நடுவில், "உறுதி செய்" என்பதை அமுக்கினேன்.

கல்யாணம் நம் மண்டபத்தில்தான் நடந்தது. அன்று முதல் நான் பந்தியில் இன்னொரு தோசைக்கு யோசித்தால்கூட, "மாமா, மூணு நாள் வேணுங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். நான் பிடித்து வைக்காமல் இருந்திருந்தால் அந்தத் தேதியையும் அந்த அம்மாள் தொட்டிருப்பாள்!

ஆனால் ஒன்று எனக்குப் புரிந்தது. பென்சிலில் எழுதச் சொன்னவர் முகம் எனக்குத் தெரியும். தேவையில்லை என்றால் அவரே சொல்லி அனுப்புவார். வெப்சைட்டைத் தொட்டுவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. அதற்காகப் பதினைந்து நிமிடம் சரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதையும் கீர்த்தனாவிடம் சொன்னேன். "ஒரு மணி நேரம் வேணா வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

கல்யாணம் முடிந்து வாழைமரம் அவிழ்த்த மறுநாள் காலை, ஆபீசில் நான் மட்டும் இருந்தேன். முதலில் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைத்தேன். கீர்த்தனா அன்றைக்கே பழையபடி மாற்றி வைத்திருந்த 900-ஐ 3600 ஆக்கினேன். முகூர்த்தமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைத் தொட்டுப் பார்த்தேன், மறக்காமல் விடுவித்தேன். பிறகு அந்த வரிக்கு மேலே ஒரு # போட்டு, மெஷின் படிக்காத இடத்தில், ஒற்றை விரலால் தட்டி எழுதினேன்:

# மாமனைக் கேக்கோணும். பொறுங்க.