தலையாட்டியின் உள்காது

மனித இனத்தில் தலையாட்டி என்று ஓர் உட்பிரிவு உண்டு. உடனே முதலாளி முன்னால் கைகட்டி நிற்பவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் காதில் விழுந்த பிறகு தலையாட்டுபவர். அது வேறு ரகம். நான் சொல்வது காதில் விழாமலே தலையாட்டுபவரை. காது மந்தமாகி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். தெருவுக்கே அது தெரியும். தெருவுக்குத் தெரியாது என்று அவர் ஒருவர்தான் நம்பிக்கொண்டிருப்பார்.

அவருடைய வித்தைகள் அலாதியானவை. பேசுகிறவரின் புருவம் உயர்ந்தால் இவர் "அடடா" என்பார். பல் தெரிந்தால் சிரிப்பார், மற்றவர்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் ஆரம்பித்து, மற்றவர்கள் மறந்துபோன பிறகு நிறுத்துவார். எதுவுமே பிடிபடவில்லை என்றால் தரையைப் பார்த்து, "என்னத்தைச் சொல்றது, காலம் அப்படி" என்பார். இது எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும். சில நாள் இவரே நிறுத்தாமல் பேசுவார். தான் பேசும்வரை பிறர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லையே.

நமக்குத் தெரிந்த தலையாட்டி ஒரு பெயிண்டர். மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குச் சாரம் கட்டி, அதில் நின்று வண்ணம் அடிப்பவர். நாலாவது மாடி உயரத்தில் ஒற்றைப் பலகை மேல் நிற்கும்போதுதான் அவருக்கு நிம்மதி. சுவர் எதையும் கேட்காது. கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தைப் பார்க்காது.

ஒரு நாள் சாரத்திலிருந்து இறங்கும்போது, கடைசிப் படியில் கால் வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். செருப்பில் ஈரப் பெயிண்ட். அவ்வளவுதான் விஷயம். மேஸ்திரி கேட் பக்கத்திலிருந்து ஓடிவந்தார்.

"என்னண்ணே, தலை சுத்துதா?"

பெயிண்டர் தலையாட்டினார்.

"அடிக்கடி சுத்துமா?"

புன்னகையோடு ஆட்டினார்.

"நேத்து மேல நின்னப்பவும் சுத்துச்சா?"

இதற்கு நிதானமான, நீளமான ஆட்டல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மேஸ்திரி சாரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். உள்காதில் பேலன்ஸ் சரியாக இருக்கிறது என்று சோதித்துச் சொன்னால்தான் இனிமேல் சாரம். இல்லாவிட்டால் கீழே உட்கார்ந்து கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயிண்ட் அடித்தால் போதும் என்றார். அதற்கும் தலையாட்டல்.

தான் எதையெல்லாம் ஒப்புக்கொண்டோம் என்பது சாயங்காலம் மனைவி காதருகே கத்திச் சொன்னபோதுதான் பெயிண்டருக்குத் தெரிந்தது. மேஸ்திரி அந்த அம்மாவுக்குப் போன் செய்திருந்தார். இப்போது பெயிண்டருக்கு முன்னால் இரண்டு வழிகள். "நீ கேட்டது எனக்குக் காதில் விழவில்லை" என்று மேஸ்திரியிடம் சொல்லலாம். அல்லது தலைசுற்றல்காரராகவே இருந்துவிடலாம். எதைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறீர்கள்?

அவரை மட்டும் திட்டாதீர்கள். தலை சுற்றுகிறது என்றால் நாற்காலி போடுகிறோம், தண்ணீர் கொடுக்கிறோம். காது கேட்கவில்லை என்றால் சிரிக்கிறோம். கண்ணாடி போட்டவன் படித்தவன் போலத் தெரிகிறானாம். காதில் கருவி வைத்தவன் மட்டும் பாவமாம். கண்ணும் ஒரு உறுப்பு, காதும் ஒரு உறுப்பு. ஒன்றுக்கு மரியாதையும் மற்றதற்குக் கேலியும் எந்த அறிவைக் கொண்டு பிரித்துக் கொடுத்தோம்? ஒரு செவிடரின் தவறான பதிலை நாடகத்திலும் வீட்டிலும் நகைச்சுவையாக்கி வைத்திருக்கிற உலகத்தில், மனிதன் தலையாட்டாமல் வேறென்ன செய்வான்?

ஆஸ்பத்திரியில் பேலன்ஸ் சோதனை அறை. மனைவி வெளியே காத்திருந்தார். "ஐயா, காது கேக்கிற டெஸ்ட் முன்னாடியே எடுத்தாச்சா?" என்று கேட்டார் சோதனை செய்யும் பெண். பெயிண்டர் தலையாட்டினார். வெளியே கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. நம்புவது வசதியாக இருந்ததால் அந்தப் பெண்ணும் நம்பினார்.

கழுத்தில் ஒயர்களை ஒட்டி, காதில் ஹெட்போனை மாட்டி, தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். உள்காதில் பேலன்ஸ் பார்க்கிற சின்னஞ்சிறு பை ஒன்று இருக்கிறது. பலத்த சத்தம் போய் அதைத் தட்டினால், நமக்கே தெரியாமல் கழுத்துத் தசை ஒரு கணம் துடிக்கும். திரையில் ஓர் அலை எழும். தட்டத் தட்டப் பெயிண்டரின் திரையில் அலையே இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"சத்தம் நல்லா கேட்டுச்சா?"

தலையாட்டினார். ஆட்டுவதற்கு மட்டும் அந்தக் கழுத்தில் குறையே இல்லை.

மனைவியை உள்ளே கூப்பிட்டார்கள். "பேலன்ஸ் உறுப்பு ரெண்டு பக்கமும் வேலை செய்யற மாதிரி தெரியலம்மா. இனிமே இவர் உயரத்துல ஏறாம இருக்கிறதுதான் பாதுகாப்பு" என்றார் அந்தப் பெண், கனிவாகப் புன்னகைத்தபடி. பெயிண்டர் புன்னகையைப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

மனைவி அவருடைய காதுக்கே வாயைக் கொண்டுபோனார். "என்ன சந்தோஷம்? இனிமே நீங்க சாரத்துல ஏறவே கூடாதாம். சந்தோஷமா?"

ஆடிக்கொண்டிருந்த கழுத்து நின்றுவிட்டது. பெயிண்டர் தன் கைகளைப் பார்த்தார். நக இடுக்கில் போன வாரத்து நீலம் இருந்தது.

"இவருக்குக் காது கேக்காதும்மா. அஞ்சு வருஷமா மறைச்சுக்கிட்டு இருக்காரு" என்றார் மனைவி.

"யாருக்குக் கேக்காது?" என்றார் பெயிண்டர்.

"இது மட்டும் கேட்டுடும்."

சோதனைப் பெண்ணுக்கு முகம் மாறியது. "டெஸ்ட் எடுத்தாச்சுன்னு சொன்னாரே."

"வாயால சொன்னாரா, தலையாட்டினாரா?"

பிறகு எல்லாம் முதலிலிருந்து நடந்தது. உண்மையிலேயே தலை சுற்றியதா என்று மனைவி காதருகே கேட்க, பெயிண்டர் சுவரைப் பார்த்தபடி, "செருப்புல பெயிண்டு" என்றார். காதுச் சோதனையில் விஷயம் வெளியே வந்தது. நடுக்காதின் சின்ன எலும்பு இறுகிப்போய், சத்தத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது. உள்ளே இருக்கிற பையைத் தட்ட யாருமே வரவில்லை; தட்டாத கதவு திறக்கவில்லை என்று பழி. நரம்பு கெட்டுக் காது கேட்காமல் போனவருக்குக்கூட இந்தச் சோதனையில் அலை எழக்கூடுமாம். வாசல் அடைத்தவருக்குத்தான் இந்த வில்லங்கம். ஆகவே ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அதிர்வு தரும் கருவியை நெற்றியில் வைத்தார்கள். மண்டையோட்டின் வழியாக அதிர்வு உள்ளே போனது. திரையில் இரண்டு பக்கமும் அலை எழுந்தது. மற்ற சோதனைகளும் சரி. பேலன்ஸ் பிரமாதம். அவர் ஏறலாம்.

மேஸ்திரி விடவில்லை. "பேலன்ஸ் இருந்தா என்னண்ணே, காது கேக்காதவரை எப்படி மேல ஏத்துறது?" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பெயிண்டரின் தலை ஆடத் தொடங்கியது. பாதியில் அதை அவரே பிடித்து நிறுத்தினார். "எனக்குக் கேக்கல. எதிர்ல நின்னு சொல்லுங்க."

மேஸ்திரி எதிரே வந்து சொன்னார். "இன்னும் ஒரு தடவை" என்றார் பெயிண்டர். இரண்டாம் தடவை அந்த வாதம் கொஞ்சம் மெலிந்திருந்தது. மூன்றாம் தடவை, "ஒண்ணுமில்ல, ஒரு பயம்தான்" என்ற அளவுக்கு வந்தது.

"பயப்பட வேண்டியதுதான். மேல வரைக்கும் ஒரு கயிறு கட்டுங்க, என் இடுப்புல ஒரு முனை, உங்க கையில ஒரு முனை. கூப்பிடணும்னா கத்தாதீங்க, ஒரு தடவை இழுங்க. ஆபத்துன்னா ரெண்டு தடவை இழுங்க, நான் அப்படியே பலகையில உட்கார்ந்துக்கறேன். புரிஞ்சுதா?"

மேஸ்திரி தலையாட்டினார்.

"என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்றார் பெயிண்டர். ரெண்டு தடவை என்றால் கூப்பிடுவது என்றார் மேஸ்திரி. பெயிண்டர் பொறுமையாக மறுபடி சொன்னார். அது சரியாகத் திரும்பி வந்த பிறகுதான் பலகையில் கால் வைத்தார்.

மேஸ்திரிக்கு இரண்டு காதும் வெகு நேர்த்தி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். உங்களுக்கும் அப்படித்தானே? நல்லது. போன முறை வங்கியில் கையெழுத்துப் போடும்போது, டாக்டர் மாத்திரை வேளையைச் சொன்னபோது, வீட்டில் யாரோ முக்கியமாக எதையோ பேசியபோது, அங்கே என்ன சொன்னார்கள் என்று இப்போது ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம். முடிகிறதா?

எதற்குத் தலையாட்டுகிறீர்கள்? வாயால் சொல்லுங்கள்.