மஞ்சள் சாமான்

கட்டுரை எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. ஓ.எல். பரீட்சை வரை போனேன். அதிலும் தமிழ்ப் பாடத்துக்கு என்ன வந்தது என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் பேனாவைத் தூக்கியதை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கதையை என்னைத் தவிர எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மீன் சந்தையில் சொல்லும்போது அதில் புகை வருகிறது. அண்மையில் ஒருவர் சொன்னபோது தீயணைக்கும் வண்டியும் வந்ததாம். புகையும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. இதை நேரில் சொல்லி மறுக்க எனக்குக் கூச்சம். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் தொண்டை வேலைநிறுத்தம் செய்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறுகிற வீதியோரம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். விசிறி, தண்ணீர் மோட்டர், ரைஸ் குக்கர் திருத்துவேன். (ரேடியோவும் திருத்துவேன். ஒருவரும் கொண்டுவருவதில்லை.) கூச்சக்காரனுக்கு நல்ல தொழில். விசிறி திருப்பிக் கதைக்காது. ஆட்கள் வந்து ஏதாவது கேட்டால் 'ஓம்' என்பேன். 'ஏலாது' என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், விளக்கம் சொல்லவேண்டி வரும். 'ஓம்' என்றால் போய்விடுவார்கள்.

ஒருநாள் றஹீம் நானா விசிறி எடுக்க வந்தார். கிண்ணியாவைச் சேர்ந்தவர். உள்துறைமுகக் கரையில் அவருக்கு ஒரு கூல்ரூம் இருக்கிறது. படகுகளில் வரும் மீனை வாங்கி, அதில் வைத்து, லொறியில் கொழும்புக்கு அனுப்புவார். முன்பு ஒரு இரவு கூல்ரூமின் சுவிட்ச் விழுந்து, குளிர் நின்று, உள்ளே இருந்த மீன் முழுவதும் பழுதாகிவிட்டது. காவலுக்கு இருந்த செல்வம் நித்திரை. அன்றிலிருந்து நானா வீட்டுக்குப் போவதில்லை. கூல்ரூம் அலுவலக அறையில் ஒரு கதிரையில்தான் படுக்கை. இதற்கிடையில் அவருடைய வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது. கொழும்பில் ஒப்பரேஷனுக்குக் கிடைத்த திகதிகளை, கூல்ரூமை விட்டுப் போக ஏலாது என்று தள்ளிக்கொண்டே வந்தார். இந்தத் தடவையும் வராவிட்டால் அந்தக் கண்ணுக்குத் தான் பொறுப்பில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"தம்பி, ரூம் சூடாகினா போனுக்கு அடிக்கிற மாதிரி ஒரு சாமான் செய்து தர ஏலுமா? அப்படி ஒண்டு இரிந்தா நான் போய் வந்திருவன்."

ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'ஓம்' என்று வந்தது.

அதன் பிறகு யூரியூப்தான் எனக்குப் பள்ளிக்கூடம். உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் போர்ட். அதன் ஒரு முனையில் கூல்ரூமின் குளிரை அளக்கும் வயர். மறுமுனையில் இன்டர்நெட் வயர் செருகும் இடம். அறை சூடாகினால் போர்ட் அதை அறிந்து போனுக்குச் செய்தி அனுப்பும். மின்சாரம் கொடுத்தால் முதலில் சிவப்பு லைட் எரியும், உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பச்சை லைட் மின்னத் தொடங்கும், அது வெளியுலகத்தோடு கதைக்கிறது என்று அர்த்தம். என்னைவிடக் கெட்டிக்காரப் போர்ட்.

கொழும்பிலிருந்து வரவேண்டிய கடைசிச் சாமான், நானா புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. வீட்டு மேசையில் வைத்து சோல்டர் பண்ணி முடித்தேன். சுவிட்சில் கையை வைக்கிறேன், குசினியிலிருந்து என் மனைவி வசந்தியின் குரல் வருகிறது.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. ராகு காலம் தொடங்கிட்டுது. முடியட்டும்."

முடியட்டும் என்று கையை எடுத்தேன். அதுவரை சும்மா இருப்பானேன் என்று வசந்தி சந்தனம் குழைத்துக் கொண்டுவந்து, பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பொட்டு இல்லாமல் எதுவும் ஓடத் தொடங்காது. மோட்டார் சைக்கிள், தையல் மெசின், எல்லாவற்றுக்கும் உண்டு. எங்கள் வீட்டு ஃபிரிஜ் இன்றைக்கும் பொட்டோடுதான் நிற்கிறது. ஆனால் நான் யோசித்தேன்: வேலை செய்யப்போவது மூடியா? மூடி வெறும் பிளாஸ்ரிக். பொட்டை வாங்கிக்கொள்ள அதற்கு என்ன தகுதி? போர்ட்டின் நடுவே ஒரு சின்ன வெள்ளிச் சாமான் நெற்றி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. அதிலேயே வட்டமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

ராகு காலம் முடியவில்லை, செல்வம் ஓட்டோவோடு வாசலில் நின்றான்.

"அண்ணே, நானா பையும் கட்டிட்டார். விடிய பஸ். வாங்கோ, சாமானைக் கூல்ரூமில பூட்டிப்போட்டு வருவம்."

தம்பி, இதற்கு இன்னும் கரண்ட் கொடுத்தே பார்க்கவில்லை, ஆள் இல்லாத இடத்தில் ஒருதரம் போட்டுப் பார்க்க விடு என்று சொல்ல நினைத்தேன். சொன்னது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

கூல்ரூம் அலுவலகத்தில் நானா புதுச்சட்டை போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் பயணப் பை. அவருடைய மனைவி கிண்ணியாவிலிருந்து போன் எடுத்தபடியே இருந்தார். லைட் பத்திட்டுதா என்று கேட்பார். இப்ப பத்தும் என்று நானா சொல்வார். நாங்கள் வயர்களை இழுத்துக் கட்டி முடிக்க ராகு காலமும் முடிந்திருந்தது. இனி எந்தச் சாக்கும் இல்லை.

மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். செல்வம் கொஞ்சம் பின்னால் நின்றான். (வெடித்தாலும் என்று நினைத்திருப்பான்.) சுவிட்சைப் போட்டேன்.

சிவப்பு எரிந்தது.

நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். செல்வம் முன்னுக்கு வந்தான். "சரியா தம்பி?" என்று நானா கேட்டார். நான் "ஓம்" என்றேன். பச்சை மின்னவில்லை. ஓம் சொன்ன பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது? குனிந்து வயரைச் சரிபார்க்கிறவன்போல நின்றேன். பச்சை வரவில்லை. இன்டர்நெட் வயரைக் கழற்றிச் செருகினேன். வரவில்லை. ரவுட்டரை நிற்பாட்டிப் போட்டேன். அடாப்டரை மீற்றர் வைத்து அளந்தேன். எல்லாம் சரி. குளிர் அளக்கும் வயரை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு மட்டும் என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கருகல் மணம். என் கை தானாகப் பறந்துபோய் வயரைப் பிடுங்கியது. கூட வந்தது மேசைவிரிப்பும், நானாவின் தேநீர்க் கோப்பையும். போர்ட்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தேன். மணம் அதிலிருந்து வரவில்லை. நுளம்பு கடிக்காமல் இருக்க, செல்வம் மேசைக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்தி வைத்திருந்தான். சந்தைக் கதையில் வருகிற புகை இதுதான்.

திரும்பச் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு. நானாவின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. பையைத் திறந்து, மேலே மடித்து வைத்திருந்த, இரவில் உடுக்கிற சாறத்தை எடுத்தார். கதிரையின் முதுகில் போட்டார். இரவு படுக்க ஆயத்தம். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நானா, நீங்க போங்கோ. நான் முழிச்சிருந்து பார்க்கிறன்" என்றான் செல்வம்.

"நீ காவல் இரிந்த லெச்சணம் முந்தி ஊருக்கே மணத்தது. விடு மகன். கண்ணைப் பிறகு பார்ப்பம்."

நான் போர்ட்டில் இருந்த ஒவ்வொரு சாமானாக மீற்றரின் ஊசியால் தொட்டுத் தொட்டு வந்தேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. கையை எடுத்தால் நிமிரவேண்டி வரும், நிமிர்ந்தால் நானாவின் முகத்தைப் பார்க்கவேண்டி வரும். நானா எழுந்து வந்து, என் தோளுக்கு மேலால் குனிந்து, நல்ல கண்ணையும் பழுதான கண்ணையும் மாறிமாறிச் சுருக்கிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"தம்பி, கோவிக்காதீங்க. எனக்கு இதுகள் விளங்காது. எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தீங்க. நடுவில இந்த மஞ்சளும் சிவப்புமா இரிக்கிற சாமானை மட்டும் தொடவே இல்ல. அது என்ன வேலை செய்யிற?"

நான் பார்த்தேன். செல்வமும் எட்டிப் பார்த்தான். அவ்வளவு நேரமும் அது எங்கள் இருவரின் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. பொட்டை யாராவது பார்ப்பார்களா? அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிற ஒன்று.

"அது... பொட்டு, நானா."

"பொட்டு எண்டா?"

"சந்தனப் பொட்டு. நான்தான் வைச்சனான்."

"அப்ப அது சாமான் இல்லையா?"

"இல்லை."

செல்வம் சிரிப்பை அடக்க நுளம்புத்திரியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நானா சிரிக்கவில்லை. நான் பொட்டை விரலால் தொட்டேன். கூல்ரூம் ஈரத்தில் அது காயவே இல்லை, சொதசொதவென்று இருந்தது. அடியில் இருந்த வெள்ளிச் சாமானின் இரண்டு கால்களையும் சந்தனம் மூடியிருந்தது. அந்தச் சாமான்தான் போர்ட்டின் நாடித்துடிப்பு, அது ஓடினால்தான் பச்சை மின்னும். அதைத்தான் நான் நெற்றி என்று நினைத்திருக்கிறேன்.

"கழட்டலாமா?" என்று நானா மெதுவாகக் கேட்டார்.

என் கை ஓடவில்லை. நல்ல காரியம் தொடங்கும்போது வைத்த பொட்டை, தொடங்குகிற நேரத்திலேயே அழிப்பதா? "உங்கட நம்பிக்கை. நான் கை வைக்க மாட்டன். வீட்டில ஒரு சொல் கேளுங்க" என்று நானாவே தன் போனை நீட்டினார். வசந்தியின் இலக்கத்தை அமர்த்தினேன். பதற்றத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அமர்த்திவிட்டேன்.

"மூடியில வையுங்கோ எண்டெல்லே சொன்னனான்?" என்ற குரல் கூல்ரூம் வரை கேட்டிருக்கும். "சோல்டர் பிடிக்கத் தெரிஞ்ச ஆள், கரண்ட் போற இடத்தில ஈரச் சந்தனத்தை வைப்பாரே? துடையுங்கோ. சாமி ஒண்டும் கோவிக்காது. நான்தான் கோவிப்பன்."

வெளியே செல்வத்தின் சிரிப்பு உடைந்தது.

துடைக்க ஸ்பிரிட் வேண்டும். என்னிடம் இல்லை. நானா பைக்குள் கையை விட்டு, பஸ்ஸில் தலைசுற்றினால் பூச என்று மனைவி வைத்துவிட்ட ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். அதிலும் ஸ்பிரிட்தான். தேய்க்க என்ன என்று நான் சுற்றிப் பார்க்கும்போது, ஆஸ்பத்திரிக்கென்று வாங்கிய புத்தம்புதுப் பல் பிரஷின் உறையையும் கிழித்துத் தந்தார். தேய்த்தேன். வாசத்தில் அந்த அறை கல்யாண வீடாகிவிட்டது. விசிறிக்குக் கீழே பிடித்துக் காயவைத்தேன். போன் அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. சந்தனம் ஏற்கெனவே போர்ட்டைக் கொன்றிருந்தால்? இன்னொன்று செய்யும்வரை அந்தக் கண் காத்திருக்காது. சாறம் கதிரையில் தொங்கியது.

சுவிட்சைப் போட்டேன். சிவப்பு எரிந்தது. ஒன்றும் இல்லை. பிறகும் ஒன்றும் இல்லை. பிறகு பச்சை ஒருதரம் மின்னியது. நின்றது. பிறகு நிற்காமல் மின்னத் தொடங்கியது.

குளிர் அளக்கும் வயரின் நுனியை என் கைக்குள் பொத்திப் பிடித்தேன். சூடு காட்டிப் பார்க்கத்தான். வியர்த்துக் கொதித்துப்போயிருந்த கையல்லவா, மூச்சு விடுவதற்குள் நானாவின் போனும் செல்வத்தின் போனும் என் போனும் ஒன்றாகக் கத்தின. நானா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார், எழுத்துப் பிடிபடவில்லை, செல்வத்திடம் நீட்டினார்.

"'அறை சூடு, ஓடி வா' எண்டு இருக்கு நானா."

"ஓடி வாறது ஆரு?"

"நான்தான்" என்றான் செல்வம். "போனைக் காதுக்குள்ளேயே வைச்சுக்கொண்டு படுக்கிறன்."

நானா கதிரையிலிருந்த சாறத்தை எடுத்து, மடித்து, பைக்குள் வைத்தார். மனைவிக்குப் போன் எடுத்து, இரவைக்கு வீட்டுக்கு வாறன், புட்டு அவியுங்க என்றார்.

கண் சுகமாகி வந்த பிறகு அவர் முதலில் செய்த வேலை, மீன் சந்தை முழுவதும் இந்தக் கதையைச் சொன்னதுதான். இப்போது எங்கள் வீட்டில் எது வேலை செய்யாவிட்டாலும், கரண்ட் போனாலும், சோறு குழைந்தாலும், வசந்தி முதலில் கேட்பது "மஞ்சள் சாமானைப் பார்த்தீங்களே?" என்றுதான். வேறு கூல்ரூம்களுக்கும் போர்ட் பொருத்தப் போய்வருகிறேன். முதலாளிமார் கூப்பிடும்போதே, மஞ்சள் சாமான் போடாமல் கொண்டுவரச் சொல்கிறார்கள். நான் ஓம் என்கிறேன். மூடியில் வசந்தியே வைத்துவிடுகிறாள்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் விடிய நானா கொழும்பு பஸ்ஸில் ஏறினார். ஏறுவதற்கு முன் பஸ் நிலையக் கடையில் ஒரு பல் பிரஷ் வாங்கினாராம். நான் கடையைத் திறந்து ஒரு மேசை விசிறி திருத்தினேன்.