மோட்டாரைப் போட்டுவிட்டு மலை ஏறியவன்

பொண்டாட்டிக்காக மலை ஏறினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஊர் சொல்ல விடாது. மோட்டாருக்காகத்தான் ஏறினேன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நானும் செல்வியும் வெளியூரில் ஒரு நாள் தங்கியதில்லை. த்ரீ பேஸ் கரண்ட் வரும்போது மோட்டார் போட ஆள் வேண்டுமே!

"ரெண்டே நாளு கல்வராயன் மலைக்குப் போய்ட்டு வரலாம்ங்க. அங்க ஒண்ணும் பண்ண வேணாம். பாறை மேல உக்காந்து, பனி எறங்கறத பாத்துக்கினு, கேப்பை அடை சாப்ட்டா போதும்" என்பாள். ஒன்பது வருஷமும் இதை மட்டும்தான் கேட்டாள்.

போன வருஷம் செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கினேன். எங்கிருந்தாலும் போன் போட்டால் மோட்டார் ஓடும். மறுபடி போட்டால் நிற்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு சனி, ஞாயிறைக் குறித்தேன். பக்கத்து நிலத்துக்காரர் என் பெரியப்பா மகன். "மோட்டார் கொட்டாய் சாவிய குடுத்துட்டுப் போடா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"உனக்கு எதுக்குண்ணா பேஜாரு? எல்லாம் என் பாக்கெட்டுலயே இருக்கு" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன். (அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.)

செல்வி ஒரே நிபந்தனை வைத்தாள். "அங்க வந்து மோட்டார் பேச்சு எடுத்தீங்க, நான் பாட்டுக்கு பஸ் ஏறிடுவேன்."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். காலையில் அடிவாரத்தில் டீக்கு பைக்கை நிறுத்தியபோது, அவள் பார்க்காத நேரத்தில் ஒரு போன் போட்டேன். மோட்டார் ஓடியது. ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம் என்று நினைப்பு.

மேலே ரூமில் பையை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், டவர் இல்லை. ஒரு கோடுகூட இல்லை. கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. செல்வியோ அடைப் பொட்டலத்தோடு ஒரு நல்ல பாறையாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"செல்வி, இன்னும் மேல போனா சூப்பரா தெரியும், வா."

"இங்கயே நல்லாத்தானே இருக்கு?"

"எழுந்திரு, ஜல்தி!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். பாறைக்குப் பாறை நின்று செல்லைத் தூக்கிப் பிடித்தேன். "என்னங்க, என்னியா போட்டோ எடுக்கறீங்க?" என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். "ஆமா ஆமா" என்றேன், பாவி. இப்படியே ஒன்றரை மணி நேரம். மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே வந்தாள். "நீங்க இவ்ளோ ஆசையா என் கையப் புடிச்சிக்கினு நடந்ததே இல்லங்க" என்றாள்.

உச்சியில் இரண்டு கோடு வந்தது. நான் மோட்டாரைக் கூப்பிடுவதற்குள் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்தித் தொலைத்தேன்.

"டேய், எங்கடா போய்த் தொலைஞ்ச? உன் தண்ணி வரப்ப ஒடச்சிக்கினு வந்து, எங்க களத்துல காய வச்ச மல்லாட்டை பூரா நனைஞ்சி போச்சி! கொட்டாயப் பூட்டிக்கினு போயிட்ட. கரண்டாவது போவுதான்னு பாத்தா, இன்னிக்கின்னு பாத்து போவ மாட்டேங்குது!"

மோட்டாரை நிறுத்தினேன். செல்வி என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். "இதுக்குத்தான் ஏறினீங்களா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்படியே இறங்கி ஊருக்கு வந்து, சாயங்காலம் முழுக்க அண்ணன் களத்தில் இரண்டு பேரும் ஈர வேர்க்கடலையைக் கிளறிப் போட்டோம். அடையையும் அங்கேயே தின்றோம்.

இப்போது அந்த மலைக்காக ஏங்குகிறவன் நான்தான். அன்றைக்குப் பனி எப்படி இருந்தது என்று செல்வி அழகாகச் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே ஏறி வந்த அவள் முகத்தையும் பார்க்கவில்லை, செல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லிலும் அவள் படம் ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

எங்கே கிடைக்கப்போகிறது? போன வாரம் அண்ணன் வீட்டு விசேஷத்தில், சும்மா ஆசையாக அவள் கையைப் பிடித்தேன். அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் சத்தமாகக் கேட்டாள்:

"என்னங்க, இங்கயும் டவர் கிடைக்கலியா?"