சாக்குப் பசாசு

வாசற்படியில் கோடு கிழித்தாற்போல் கொட்டி வைத்திருந்த மந்திரித்த உப்பைக் காணோம். ஒரு கல் மிச்சமில்லை. வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி கம்பவுண்டர் தைரியநாதன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார். கரைந்து போவதற்கு மழை பெய்யவில்லை. எறும்பு இழுத்துப் போவதற்கு அது சர்க்கரையும் இல்லை.

முந்தாநாள் காலையில் கதவில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவை போயிருந்தது. இன்றைக்கு உப்பு.

"வந்துட்டான்" என்றார் தைரியநாதன். வேப்பங்குச்சி கீழே விழுந்தது.

வந்தவன் யாரென்று அவருக்குச் சந்தேகமே இல்லை. சாக்குப் பசாசுதான். அவருடைய அம்மா செபஸ்தியம்மாள், மகன் செபத்தில் தூங்கி விழக்கூடாது என்பதற்காக உண்டாக்கிய பசாசு அது. "தூங்கினே, அவ்ளோதான்! மொதல்ல ஒன்னைக் காவல் காக்கிற சாமானை ஒண்ணொண்ணா எடுத்துச் சாக்குல போட்டுக்குவான். எல்லாம் தீர்ந்த பெறவு ஒன்னையும் உள்ள தள்ளி, வாயைக் கட்டிக்கினு போயிடுவான்" என்பாள் அந்த மகராசி. பலன் கிடைக்காமல் இல்லை. இருபத்தெட்டு வயதாகியும் தைரியநாதனுக்கு ஒரு செபத்தில் ஒரு சொல் மறக்கவில்லை. பயமும் மறக்கவில்லை.

கரியாலூருக்கும் மேலே, ரோடு முடிந்து ஒற்றையடிப் பாதை ஏறுகிற மலையூர் அது. புதிதாக மருந்துக்கொட்டகை போட்டு மூன்று வாரத்துக்கு முன்பு அவரை அனுப்பியிருந்தார்கள். அவருக்கு முன்னால் வந்த இரண்டு கம்பவுண்டர்களும் பனியையும் காட்டையும் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார்கள். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் தைரியநாதனுக்கு வேலை நிரந்தரம். மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டின பரம்பரையில், காலில் செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். ஓடிப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி கரும்புக்கொல்லையில் இறங்க வேண்டியதுதான்.

ஊரார் அவருக்குக் கொடுத்த வீடு முன்பு சாமை கொட்டி வைத்த வீடு. மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு மண் குதிர், காலியாக நின்றது. வந்த முதல் நாளே, பொழுது சாய்ந்து பனி இறங்கினதும் காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று குரல் கொடுத்தது. அவ்வளவுதான். விளக்கை ஊதி அணைத்தார். முக்காலி போட்டு ஏறிக் குதிருக்குள் இறங்கினார். தலைக்கு மேலே முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு, பயத்தில் வாய் குழற, உரக்கச் செபம் சொல்ல ஆரம்பித்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப் போனது. கட்டிய மனைவிக்குக் கூட இதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய சங்கதியா இது?

மருந்துக்கொட்டகையில் அவருக்கு எடுபிடி அம்மாசி, அந்த மலைக்காரர். அன்று காலையில் புட்டியைத் துடைத்தபடி மெல்லக் கேட்டார்.

"சார், ராவுல நல்லாத் தூங்கினீங்களா?"

தைரியநாதனுக்குச் சுருக்கென்றது. குதிருக்குள் உட்கார்ந்திருந்தேன் என்றா சொல்வது? பகலில் அவர் பேசுவதே பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும். அந்தக் குரலில் கெத்தாகச் சொன்னார்.

"ஏழு மணிக்கே படுத்துடுவேன் அம்மாசி. படுத்தா பொணம். இடி விழுந்தாலும் தெரியாது."

"ஒண்ணுமே கேக்கலீங்களா?"

"இன்னா கேக்கணும்?"

அம்மாசி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க. கதவுல ஓலை வெச்சிருந்தீங்களே, வாசல்ல உப்பு போட்டிருந்தீங்களே, அதெல்லாம் இன்னாத்துக்குங்க?"

"அதுவா? அது எங்க சாமியாரு மந்திரிச்சது. அது இருக்கிற எடத்துல பேயி, பிசாசு ஒண்ணும் கிட்ட வராது."

"நெசமாவா?"

"பின்ன? சத்தியமா வராது" என்றார் தைரியநாதன். சொல்லும்போதே வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் புறப்பட்டு வடக்கனந்தலுக்கு இறங்கினார். மனைவி மார்கரெட் அங்கே தாய்வீட்டில் இருந்தாள். கோயிலில் பூசை முடிந்ததும் இருவருமாகப் பங்குச் சாமியாரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உப்பைத் தூக்கிக்கினு போற பசாசா?" சாமியார் சிரித்தார். "மாடு நக்கியிருக்கும்யா."

"மாடு குருத்தோலைச் சிலுவையைத் தின்னுமா சாமி?"

"ஆடு தின்னும்."

"ஆடும் மாடும் பேசி வெச்சிக்கினா சாமி வருது?"

மார்கரெட் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க பேரு இன்னா?"

"தைரியநாதன்."

"ஞானஸ்நானப் புத்தகத்துல மட்டும் இருந்தா போதுமா அது? ஒடம்புல கொஞ்சம் இருக்க வேணாமா?"

சாமியாருக்கு மனசு இளகிவிட்டது. ஒரு பாட்டில் நிறையத் தீர்த்தமும், வானதூதரான மிக்கேல் சம்மனசு பசாசை மிதித்து நிற்கிற படம் ஒன்றும் கொடுத்தார். "ஆண்டவர் கூட இருக்கார்னு நம்பு. நம்பிக்கை இருந்தா இதெல்லாம் கூட வேணாம்" என்றார். தைரியநாதன் பின்பாதியைக் காதில் வாங்கவில்லை. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு மலை ஏறினார்.

பாட்டிலை வாசலில் வைத்தார். மறுநாள் காலை பாட்டில் இருந்தது, தீர்த்தம் இல்லை.

தைரியநாதனுக்குக் கண் இருட்டியது. தீர்த்தம் ஒரு சொட்டு பட்டாலே பசாசு வெந்து போகும் என்றல்லவா ஞானோபதேச வகுப்பில் படித்தோம்! இது முழுப் பாட்டிலையும் குடித்திருக்கிறது. குடித்ததோடு விட்டதா? பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான பசாசை அவர் அம்மா கூடச் சொன்னதில்லை.

அன்று கொட்டகையில் கூட்டம் தாங்கவில்லை. பதினோரு பேருக்கும் ஒரே புகார். தூக்கமில்லை, நெஞ்சு அடிச்சிக்குது, கைகால் ஒதறுது. எல்லோருக்கும் மிக்சர் ஊற்றிக் கொடுத்தார். கடைசியாகத் தைலம்மாள் வந்தாள். எதிர்வீட்டுக்காரி, வாய்த்துடுக்கானவள்.

"சார், கொஞ்சம் பஞ்சு குடுங்க."

"எதுக்கு?"

"காதுல வெச்சிக்கத்தான்."

"பனிக்கா?"

தைலம்மாள் அம்மாசியைப் பார்த்தாள். அம்மாசி கண்ணால் ஏதோ சொன்னார். "ஆமாங்க… பனிக்குத்தான்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊரே பஞ்சு கேட்டு வாங்கிப் போய், ஜாடி காலியானது. பசாசு என்மேல் மட்டும் இல்லை, ஊர்மேலேயே கை வைத்துவிட்டது என்று தைரியநாதன் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

தமிழுக்கு இது அடங்காது என்று தோன்றியது. பூசையெல்லாம் லத்தீனில் நடந்த காலம் அது. பிரார்த்தனை முழுவதும் அவருக்கு லத்தீனில் மனப்பாடம். பசாசுக்கு லத்தீன் என்றால் குலை நடுங்குமாம். அன்று பொழுது சாய்ந்ததும் குதிருக்குள் இறங்கி, முறத்தை இழுத்து மூடி, அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

"ஓஓஓரா ப்ரோஓஓ நோஓஓபிஸ்!"

குதிர் கிடுகிடுத்தது. இத்தனை பெரிய குரல் தனக்கு இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியம். ஒவ்வொரு அர்ச்சியசிஷ்டவராக, ஒவ்வொரு புனிதராகக் கூப்பிட்டு, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று லத்தீனில் முழங்கினார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினபோதுதான் கேட்டது. வீட்டைச் சுற்றிக் காலடிச் சத்தம். ஒரு ஜோடிக் கால் இல்லை, பல கால்கள். சுவரை ஒட்டி நின்று யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

ஆறு கால் இருக்கும் போலிருக்கிறதே! அம்மா இதைச் சொல்லவே இல்லையே! அவர் இன்னும் உரக்கக் கத்தினார். கால்கள் தடதடவென்று ஓடின. லத்தீன் வேலை செய்கிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார்.

காலையில் கதவில் ஒட்டியிருந்த மிக்கேல் சம்மனசைக் காணோம். பசாசை மிதிக்க வந்தவரையே சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டது!

அடுத்த இரண்டு நாளும் அதே கதை. அவர் கத்தக் கத்தக் காலடிகள் கூடின. கையில் மிஞ்சியது அம்மாவின் செபமாலை ஒன்றுதான். சாகும்போது அவள் கையில் கிடந்த மாலை. கொடுக்க மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் தைரியமில்லாமல், கண்ணில் நீர் முட்ட அதைக் கதவு நாதாங்கியில் மாட்டினார். "அம்மா, நீயே கட்டிவிட்ட பசாசு. நீயே தடுத்துக்கோ" என்றார்.

விடிந்ததும் கதவிடுக்கில் விரலை விட்டுத் தடவினார். நாதாங்கி மொட்டையாக இருந்தது.

சாமான் தீர்ந்தது. இனி ஆள்தான் பாக்கி.

வேலையாவது, நிரந்தரமாவது! உயிர் இருந்தால் கரும்பு வெட்டியாவது பிழைத்துக்கொள்ளலாம். டிரங்குப் பெட்டியில் துணியை அமுக்கினார். மார்கரெட்டின் முகம் கண்முன் வந்தது. சீ என்று துப்பினாலும் துப்புவாள், துப்பட்டும். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்தார்.

பனிக்குள் ஊரே நின்றுகொண்டிருந்தது.

பெட்டி தலையிலிருந்து நழுவித் தடாலென்று விழுந்தது. முன்னால் நின்ற அம்மாசியின் கழுத்தில் செபமாலை. தைலம்மாளின் கையில் மிக்கேல் சம்மனசு. ஒரு கிழவர் இடுப்பில் உப்பு முடிச்சு. ஒருத்தி குழந்தையின் அரைஞாணில் குருத்தோலைச் சிலுவையைக் கட்டியிருந்தாள்.

"நீ… நீங்களா எடுத்தீங்க?"

"மன்னிச்சிக்குங்க சார்" என்று அம்மாசி கும்பிட்டார். "ஓலையில, உப்புல ஆளுக்குக் கொஞ்சம். தீர்த்தம் ஆளுக்கு ஒரு வாய். திருடணும்னு இல்லீங்க. பேயி கிட்ட வராதுன்னு சத்தியம் பண்ணீங்களே, அதை நம்பித்தான் எடுத்தோம். இந்த மாலையைப் போட்டுக்கினு நேத்துதான் சார் நான் கண்ணு மூடினேன். மத்தவங்களுக்கும் கேட்டு வாங்கலாம்னுதான் எல்லாரும் வந்தோம்."

தைரியநாதனுக்கு வெட்கமாக இருந்தது. தன் சாமியை நம்புவதற்குத் தன்னைவிட இவர்களுக்கு நெஞ்சு இருக்கிறது. வெட்கத்துக்குப் பின்னாலேயே மலையளவு நிம்மதி வந்தது. சாக்கும் இல்லை, பசாசும் இல்லை! ஆறு கால் என்று நினைத்தது இவர்கள் கால்! மலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேய்யா. ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்களும் அந்த ரெண்டு பேரு மாதிரி ஓடிப்பூடுவீங்க. அப்புறம் எங்க புள்ளைங்களுக்கு ஊசி போட யாரு இருக்கா? அதான் யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு."

"நானா ஓடுவேன்?" தைரியநாதன் கீழே கிடந்த பெட்டியைக் காலாலேயே வீட்டுக்குள் தள்ளினார். நெஞ்சை நிமிர்த்தினார். "என் பேரு தைரியநாதன். எங்கேயும் போவ மாட்டேன். அப்படி எந்தப் பேயிக்குப் பயந்தீங்க? சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்!"

தைலம்மாள் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிவிட்டுக் கிட்டே வந்து, வீட்டுக்குள் பயத்தோடு எட்டிப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்கதான் ஏழு மணிக்கே தூங்கிடறீங்களே சார், உங்களுக்கு எப்டித் தெரியும், விளக்கு அணைஞ்சதும் உங்க வூட்டுக் குதிருக்குள்ளருந்து மனுச பாஷையே இல்லாம தெனம் ஒண்ணு ஊளை வுடுது!"