லத்தீன் எடுத்தவள்

ஒரே ஒரு பாடத்தை எடுத்துப் படித்ததால் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுவதையும் கோயிலுக்கு நேர்ந்துகொள்ள வைத்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளை நாங்கள் லத்தீன் என்றுதான் கூப்பிட்டோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை இங்கே எழுதினால் யாரோ ஒருத்தி என்று அவளே பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.

வெள்ளைக்காரன் காலம் அது. அவள் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டேஷனில் பெரிய கிராணி, அதாவது தலைமை குமாஸ்தா. ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. தெருமுனையில் என் அப்பாவின் துணிக்கடை, கடைக்கு மேலே நாங்கள். நானும் அவளும் ஒரே பெண்கள் பள்ளியில் ஒரே வகுப்பு. எங்கள் வகுப்பு வாசலில் குனிந்து நுழைந்த ஒரே மாணவி அவள்தான். அவள் ரகசியம் பேசினால் ரயில்வே கேட்காரர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்தில் நடந்தால் எனக்குப் பயமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

சீனியர் வகுப்புக்கு வந்த முதல் வாரம், ஹெட்மிஸ்ட்ரஸ் எங்களை வரிசையாக நிற்க வைத்து யாருக்கு என்ன பாடம் என்று கேட்டார். பள்ளிப்படிப்பை முடிக்கிற சீனியர் பரீட்சையின் சட்டம் ஈவிரக்கம் இல்லாதது. ஏழு பாடம் எழுத வேண்டும். இங்கிலீஷையும் சேர்த்து ஆறில் தேற வேண்டும். ஐந்தில் நட்சத்திரமாக ஜொலித்து மற்ற இரண்டில் கவிழ்ந்தால் சர்டிபிகேட் கிடையாது. அந்த ஐந்தும் செல்லாக்காசு, மறு வருடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வினாத்தாள் சீமையிலிருந்து கப்பலில் வரும், விடைத்தாள் சீமைக்குக் கப்பலில் போகும். யாரிடமும் போய்க் கெஞ்ச முடியாது.

ஆறு பாடங்கள் எல்லோருக்கும் பொது. ஏழாவதை நாமே தேர்ந்தெடுக்கலாம். எங்கள் பள்ளியில் தேர்ந்தெடுப்பது என்றால் தையலைத் தேர்ந்தெடுப்பது. தையலில் தோற்ற பெண் அந்தப் பள்ளியின் சரித்திரத்திலேயே இல்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் ஒரு பாடம் கையில் வந்த மாதிரிதான். வரிசையில் எல்லோரும் “தையல், மிஸ்” என்றோம். அடுத்து அவள் நின்றாள்.

“லத்தீன், மிஸ்.”

பிள்ளை தும்மினாள் என்றுதான் ஹெட்மிஸ்ட்ரஸ் நினைத்திருக்க வேண்டும். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில் வந்தது. அதற்குப் பிறகு இங்கிலீஷில் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

“இங்கே லத்தீன் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை.”

“டாக்டருக்குப் படிக்க லத்தீன் வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், மிஸ்?”

“நான் சொன்னது பையன்களுக்கு.”

“அது லத்தீனுக்குத் தெரியுமா, மிஸ்?”

நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். வெள்ளைக்காரத் துரைசாணியை அப்படிக் கேட்ட பெண்ணை அதுவரை நான் கண்டதில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஜூன் கடைசியில் பாடப் பட்டியல் சீமைக்குப் போகிறது. அதுவரை நீ தையலுக்கு மாறிக்கொள்ளலாம். போன பிறகு தலைகீழாக நின்றாலும் முடியாது” என்று சொல்லி, அவள் பெயருக்கு நேரே லத்தீன் என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கே அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் எதைப் பணயம் வைத்தாள் என்று சொல்ல வேண்டும். அவள் அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் தடவையிலேயே சர்டிபிகேட் வாங்கினால் டாக்டருக்குப் படிக்க அனுப்புவார். தவறினால் கிள்ளான் மாப்பிள்ளை. துறைமுகத்தில் கிராணி, சொந்தமாக கிராமபோன் உண்டு, தலையில் முடி மட்டும் கொஞ்சம் குறைவு. மாதம் தவறாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு வாழைத்தார் ரயிலேறி வரும். அந்தப் பழத்தை அவள் மட்டும் தொடமாட்டாள். நானோ வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன்.

வாத்தியார் தேடும் படலம் தொடங்கியது. பெண்பிள்ளை தனியாக வெளியே போகக் கூடாது என்பதால் நானும் கூடவே அலைந்தேன். முதலில், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் போனோம். மருந்துச் சீட்டெல்லாம் லத்தீன்தானே என்பது அவள் கணக்கு. மனிதர் நேர்மையானவர்.

“எனக்குத் தெரிஞ்ச லத்தீன் மூணே மூணும்மா. சாப்பாட்டுக்கு முன்னே, சாப்பாட்டுக்குப் பின்னே, தூங்கப் போறப்போ. அவ்வளவுதான் லா.”

“அது காணாது, அண்ணை” என்றாள் அவள்.

அடுத்து ஒரு வக்கீல் குமாஸ்தா. அவருக்கு லத்தீனில் தெரிந்ததெல்லாம் எதிராளியை மிரட்டும் வாசகங்கள். அதை வைத்து எந்தப் பரீட்சை எழுத முடியும்? கடைசியில், ஊரிலே தினமும் காலையில் உரக்க லத்தீன் ஒலிக்கிற இடம் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தாள். அது மாதா கோயில்.

அங்கே ஒரு கிழட்டு பிரெஞ்சுச் சாமியார் இருந்தார். இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் தமிழ்நாட்டில் பல காலம் இருந்தவர். சுத்தமான புத்தகத் தமிழ் பேசுவார். ஒரு காது கேட்காது, மறு காதும் அரைகுறை. என் தோழிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

“மகளே, நீ லத்தீன் கற்க விரும்புவது எதன்பொருட்டு? ஆன்மாவுக்கா, உடம்புக்கா?”

“உடம்புக்கு, சாமி. டாக்டராகப் போறன்.”

“நல்லது, அதையும் யாராவது கவனிக்கத்தான் வேண்டும்” என்றார் அவர். தினமும் காலைப் பூசை முடிந்ததும் அரை மணி நேரம் பாடம். ஆனால் பூசை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அதனால் அவள் பூசைக்கே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கடைசி பெஞ்சில் தூங்கினேன். ஒரு சங்கடம் என்னவென்றால், சாமியார் ஐம்பது வருடமாக லத்தீனைப் பேசியதே இல்லை, பாடித்தான் பழக்கம். ஆகையால் அவளுக்கும் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தார். வேற்றுமை உருபு, வினைச்சொல், இறந்த காலம், எதிர்காலம் எல்லாமே பூசை ராகத்தில்.

அவளோ சாதகம் செய்தது குவார்ட்டர்ஸ் குழாயடியில். அவள் தொண்டையைப் பற்றித்தான் சொன்னேனே. விடியற்காலையில் அவள் ஒரு வினைச்சொல்லை எடுத்து நீட்டி முழக்கினால் ஆறு வீட்டுக் குழந்தைகள் எழுந்து அழும். பக்கத்து வீட்டு அம்மாள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி, “கிராணியரின்ட பெட்டை வேதத்தில சேந்திட்டாள்!” என்று, அவள் கிறிஸ்தவளாகிவிட்டதாகத் தெருவெல்லாம் பறை அடித்துவிட்டார். முதல் பெஞ்சில் அவளைப் பார்த்த சாட்சிகளும் ஏராளம்.

தெருவே கதிகலங்கியது. அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் கெட்டுப்போவார்களாம். ஆளாளுக்கு முருகன் கோயிலில் நேர்ந்துகொண்டார்கள். என் அம்மா எனக்காகப் பால்குடம் நேர்ந்தாள். அவள் அம்மாவோ தினமும் மகளைக் கோயிலுக்கு இழுத்துப்போய், நெற்றி கொள்ளாமல் விபூதியை அப்பி அனுப்பினார். மகள் அந்த விபூதியோடேயே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நேராக மாதா கோயில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மாதா கோயிலிலும் ஒருவர் கனவு கண்டுகொண்டிருந்தார். அவர்தான் உபதேசியார். மதுரைப் பக்கத்து மனிதர், ஆத்துமாக்களைச் சேர்ப்பதே அவர் வேலை. ஒருநாள் பாடம் முடிந்து வரும்போது மெல்லப் பக்கத்தில் வந்தார்.

“தாயி, பிலோமினான்னு பேரு வெச்சா எப்படி இருக்கும்?”

“ஆருக்கு?”

“ஒனக்குத்தாம்மா.”

“எனக்கு இருக்கிற பேரையே ஒருத்தரும் கூப்பிடினமில்லை, ஐயா. இன்னொண்டு என்னத்துக்கு?”

உபதேசியார் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு நாள் பார்க்கப் போய்விட்டார். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வரக் காற்றுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

பட்டியல் சீமைக்குப் போவதற்கு முந்தின நாள் காலையில் விஷயம் முற்றியது. பூசை முடிந்து சாமியார் பாடத்தைத் தொடங்குகிறார், வாசலில் ஒரே செருப்புச் சத்தம். பெரிய கிராணியார் முன்னால். பின்னால் என் அப்பா, முருகன் கோயில் தர்மகர்த்தா, தெருப் பெரியவர்கள் அத்தனை பேரும். தூக்கம் கலைந்த நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்தேன்.

“பிள்ளை, வா வெளியில” என்றார் கிராணியார். “லத்தீனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். இண்டைக்கே போய்த் தையல் எண்டு மாத்தி எழுதிக் குடு.”

“தையல் எழுதினா டாக்டராக ஏலாது, அப்பா.”

“டாக்டராகிறதுக்கு எங்கட சாமியை விக்க வேணுமோ?”

இதற்குள் உபதேசியார் ஓடிவந்து, “ஐயா, கவலையே படாதீங்க. ஞாயித்துக்கெழமை ஞானஸ்நானம், நீங்களும் குடும்பத்தோட வந்துருங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். தர்மகர்த்தா கண்ணை மூடிக்கொண்டார். அடிதடி நடக்கும், நாளைக்கு என் படிப்பும் நிற்கும் என்று நான் பெஞ்சுக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்தேன்.

லத்தீன் எழுந்து நின்றாள். “நான் வேதத்தில சேரேல்லை, அப்பா. பாஷையைத்தான் எடுத்தனான், சாமியை எடுக்கேல்லை. நம்பாட்டி இதைக் கேளுங்கோ.”

பாட ஆரம்பித்தாள். அதே பூசை ராகம், அதே லத்தீன். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு அடியின் முடிவிலும் “முருகா” என்று வந்தது. இடையிலே தமிழாகவே வேல் வந்தது, மயில் வந்தது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவள் அம்மா தினமும் விளக்கேற்றிப் பாடுகிற முருகன் பாட்டு அது. யாரும் சொல்லாமலே உட்கார்ந்து அதை லத்தீனில் ஆக்கியிருக்கிறாள்! அந்த உயரமான கூரைக்குக் கீழே, அந்தத் தொண்டையில் அது எழுந்தபோது என் உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கு எழுதும்போதும் சிலிர்க்கிறது.

இரண்டாவது “முருகா”வில் கிராணியார் தம்மை அறியாமல் கைகூப்பினார். மூன்றாவதில் என் அப்பா. பிறகு அத்தனை பெரியவர்களும் மாதா கோயிலுக்குள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். உபதேசியார் தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சாமியார் மட்டும் கேட்கிற காதைக் கையால் குவித்துக் கடைசிவரை கேட்டுவிட்டு, “இரண்டாம் அடியில் ஒரு பிழை உண்டு, மகளே” என்றார்.

கிராணியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிழை என்ன என்று கேட்டார். அவருக்கு அது விளங்கப்போவதில்லை. இருந்தாலும் நின்று கேட்டுக்கொண்டார். பட்டியலில் லத்தீன் லத்தீனாகவே கப்பலேறியது.

டிசம்பரில் பரீட்சை எழுதினோம். மாதக்கணக்கில் காத்திருந்தோம். முடிவு பத்திரிகையில் வந்த அன்று, மெயில் வண்டியில் வந்த முதல் பிரதியைக் கிராணியார் பிரித்தார். பிளாட்பாரத்தில் ஓடக் கூடாது என்று ஊரையே அதட்டுகிறவர், பிளாட்பாரத்தைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, எங்கள் கடை வாசல்வரை ஓடிவந்தார். தேறியவர்கள் வரிசையில் அவள் பெயர் இருந்தது.

பாடவாரியான மதிப்பெண் பிறகு பள்ளிக்கு வந்தது. லத்தீனில் தேறியிருந்தாள். ஆனால் பொதுப் பாடமான சுகாதாரத்தில் தோற்றிருந்தாள்! நானே கண்ணை மூடிக்கொண்டு தேறிய பாடம் அது. ராத்திரி பகலாக வினைச்சொல் பாடியவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம். ஏழில் ஒன்று போய்ச் சரியாக ஆறு. அந்த ஆறாவது லத்தீன். அதிலும் தவறியிருந்தால் கிள்ளான்தான்.

“சுகாதாரத்தில தவறின டாக்டரிட்ட ஆர் மருந்தெடுக்க வருவினம்?” என்று கிராணியார் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே மகளுக்குப் புது டிரங்குப் பெட்டி வாங்கப் போனார். அவள் கல்லூரிக்குப் போன அன்று ஸ்டேஷனில் தெருவே நின்றது. நேர்ந்துகொண்டவர்கள் எல்லோரும் அவளுக்கு விபூதி பூசினார்கள். சாமியாரும் வந்திருந்தார். எல்லோரும் அழுதோம். அவள் மட்டும் ஜன்னலில் சாய்ந்தபடி, என்ன அழுகை என்று எங்களை அதட்டிக்கொண்டே போனாள்.

எனக்குக் கல்யாணமாகி நான் கிள்ளானுக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளை கிராமபோன்காரர் அல்ல. சில வருடம் கழித்து எனக்குத் தலைப்பிரசவம் கஷ்டமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ராத்திரி தாண்டாது என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அப்போது கதவில் குனிந்து நுழைந்து ஒரு டாக்டரம்மா வந்தாள். “சத்தம் போடாதை, நான் வந்திட்டன்” என்றாள், வார்டே அதிரும்படி. எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. பிள்ளை பிறந்தது. பெண். அவளே துடைத்து, துணியில் சுற்றி, என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். அந்தப் பெண் அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். அவள் பக்கத்தில் இருப்பாள் என்றால் இன்னும் பத்துப் பிள்ளை பெறலாம் என்று எனக்குத் தோன்றியது.